‘புயல்’ படகில் அண்ணியின் இடம்

என் அண்ணி கிரிஜாவைப் பற்றி எழுத வேண்டுமென்றால் முதலில் அவரை எங்காவது உட்கார வைக்க வேண்டும். அது நடக்காத காரியம். குக்கர் விசிலுக்குக் காது கொடுத்துக்கொண்டே துணி மடிப்பார், துணி மடித்துக்கொண்டே பால்கனிக் கம்பியைத் துடைப்பார். டிவியில் படம் ஓடினால் நின்றுகொண்டுதான் பார்ப்பார். கோபிச்செட்டிபாளையத்துக்காரர். கல்யாணமாகி மராட்டிய மண்ணில் இருக்கிற சிஞ்ச்வட்டுக்கு வந்தவர், இங்கேயே பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் சேர்ந்துவிட்டார். நாள் முழுக்க இரும்பை அளந்து பார்த்து, இது தேறும், இது தேறாது என்று பிரித்துப்போடுகிற வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் ஓய்வதில்லை. நான் வாங்கி வருகிற கத்தரிக்காய்கூட அண்ணியின் ஆய்வைத் தாண்டித்தான் அடுப்புக்குப் போக முடியும்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு இடத்தில் அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன். பவனா அணை நீர்த்தேக்கத்தில், அண்ணனுடைய பாய்மரப் படகின் முன்பக்கத்தில்.

அண்ணன் பாலச்சந்திரனும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. அண்ணிக்குக் கை ஓடும், அண்ணனுக்கு வாய் ஓடும். ஒரு பொருளை வாங்கினால் அடுத்த வாரமே அதைவிட நல்லது எது என்று தேட ஆரம்பித்துவிடுவான். சைக்கிள், காமிரா, காபி இயந்திரம் என்று எல்லாம் வீட்டுக்கு வந்து, இருந்து, போயின. தங்கை நான் மட்டும்தான் மாற்றப்படாமல் அந்த வீட்டில் தங்கியிருக்கிறேன். ஹிஞ்ஜேவாடியில் மென்பொருள் வேலை எனக்கு. கல்யாணம் எப்போது என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லாமல் நழுவுவது உபதொழில்.

இரண்டு வருடங்களுக்கு முன் அண்ணனுடைய அலுவலகத்தில் யாரோ அவனை பவனா கரையில் இருக்கிற படகு கிளப்புக்கு அழைத்துப் போனார்கள். திரும்பி வந்தவன் இரவு முழுக்க ஃபோனில் படகுப் பந்தய வீடியோ பார்த்தான். வெளிநாட்டுக்குக் குடிபோகும் ஒரு மும்பைக்காரரிடம் பழைய படகு ஒன்று விலைக்கு இருந்தது. அந்த ஆகஸ்டில் அது எங்கள் குடும்பத்தில் சேர்ந்தது. இரண்டு பேர் ஓட்டுகிற பந்தயப் படகு, ஃபைபர் உடம்பு, கழற்றி மாட்டும் பாய்மரம். ‘புயல்’ என்று அண்ணன் பெயர் வைத்தான்.

படகு வாங்கலாமா என்று என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். கேட்காமல் வாங்குகிறவர்களுக்கு அண்ணியிடமிருந்து நான் கற்றதைச் சொல்கிறேன். பாயின் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள், படகைக் கவிழ்த்துப்போட்டு அடிவயிற்றைப் பாருங்கள். கயிறுகளைக் கையில் உருவிப் பாருங்கள், சொரசொரப்பாக இருந்தால் மாற்றிவிடுங்கள். பாயை வெயிலில் சும்மா படபடக்க விடாதீர்கள், அதன் ஆயுள் அப்படித்தான் போகிறது. நனைந்த பாயை மடிக்காமல் உலர்த்திச் சுருட்டி வையுங்கள். அடியில் இருக்கிற வடிகால் திருகைத் தண்ணீரில் இறங்குவதற்கு முன் ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் அண்ணி முதல் மாதத்திலேயே பழக்கமாக்கிக்கொண்டார். அண்ணன் அந்த மாதம் பந்தயக் கைக்கடிகாரம் வாங்கினான்.

இப்படிப்பட்ட படகில் வேலை இரண்டாகப் பிரிந்திருக்கும். பின்னால் இருப்பவர் சுக்கானையும் பெரிய பாயையும் பிடிப்பார். முன்னால் இருப்பவர் முன்பாயின் கயிற்றைப் பிடிப்பார். காற்று படகைச் சாய்க்கும்போது இரண்டு பேரும் எதிர் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, கால்களைப் பட்டையில் மாட்டிக்கொண்டு, முதுகைத் தண்ணீருக்கு மேல் சாய்த்துப் படகை நிமிர்த்த வேண்டும். சுக்கான் அண்ணனுடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. முன் இடம் அண்ணிக்கு வந்தது. முதல் நாள் பயந்துகொண்டு ஏறியவரின் முகம், கரைக்கு வந்தபோது வேறு மாதிரி இருந்தது.

“பார்கவி, அங்க இருக்கறப்ப யாரும் என்னைய எதுவும் கேக்கறதில்ல. காத்து மட்டுந்தான் கேக்குது. அதுக்குக் கையே பதில் சொல்லிருது” என்றார் என்னிடம்.

செப்டம்பரில் நடந்த கிளப் பந்தயத்தில் ‘புயல்’ மூன்றாவதாக வந்தது. அண்ணன் ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஃபோன் செய்தான். அந்தப் பருவத்தில் ‘புயல்’ வேகமாகப் போன கடைசி நாள் அதுதான்.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. கிளப்பின் மராட்டியர்கள் தங்கள் படகுகளுக்குச் செண்டுமல்லி மாலை போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, கும்பிட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் ஆளுக்கு அது போதவில்லை. கப்பலை முதன்முதலாகத் தண்ணீரில் இறக்கும்போது அதன் மூக்கில் தேங்காய் உடைப்பதை எங்கோ பார்த்திருக்கிறான்.

“வண்டின்னா முன்னாடி ரோட்டுல ஒடைக்கலாம். இது படகு. மூக்குல ஒடைக்கறதுதான் மொறை” என்று தேங்காயைக் கையில் எடுத்துக்கொண்டான்.

“ஏனுங்க, அது இரும்புக் கப்பலுங்க. இது ஃபைபரு” என்றார் அண்ணி.

“மெதுவாத்தான் அடிக்கப் போறேன். நல்ல நாளும் அதுவுமா குறுக்க பேசாத.”

மெதுவாக அடித்தால் தேங்காய் உடையுமா? முதல் அடி வழுக்கியது. இரண்டாவது அடியில் தேங்காய் அவன் கையிலிருந்து பறந்து சேற்றில் விழுந்தது. கிளப்பே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது, தேங்காய் உடையாமல் போனால் அபசகுனம் என்ற பயம் வேறு அவனுக்கு. ஓங்கி ஒரு போடு போட்டான். தேங்காய் இரண்டாகப் பிளந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். படகின் மூக்கில் ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு கீறல் விழுந்திருந்தது. அண்ணி குனிந்து விரலால் தடவிப் பார்ப்பதற்குள் அண்ணன் அதன் மேல் சந்தனத்தை அப்பினான். மறுவாரம் சந்தனம் கரைந்ததும் அதே இடத்தில் ஒரு கண் திருஷ்டி கணபதி ஸ்டிக்கர் ஒட்டினான். “கண்ணுபட்டுருச்சு, அதனாலதான் கீறல்” என்றான். நானும் அழகாக இருக்கிறது என்று சொன்னேன்.

பிறகு ‘புயல்’ பின்னால் போக ஆரம்பித்தது. ஐந்தாவது, ஏழாவது, கடைசிக்கு முந்தையது. குளிர்காலத்தில் பவனாவில் காற்று மெலிந்துவிடும், மெல்லிய காற்றில் ஒவ்வொரு படகும் தன் குணத்தைக் காட்டும். எங்கள் படகு புறப்பட்ட இடத்திலேயே யோசித்துக்கொண்டு நின்றது. அண்ணனுக்குத் தூக்கம் போயிற்று. புதுப் பாய் வாங்கினான். கயிறுகளை மாற்றினான். பாய்மரத்தை ஒரு வாரம் முன்னால் சாய்த்தான், மறு வாரம் பின்னால் சாய்த்தான். சுக்கான் பலகையை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்து உப்புத்தாளால் தேய்த்தான், அன்று சாம்பாரில் ஃபைபர் தூள் மிதந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை தோற்றுவிட்டு வந்து, கார் ஓட்டும்போது ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டே அடுத்து என்ன மாற்றலாம் என்று பேசுவான். பின் சீட்டில் அண்ணி ஜன்னல் கண்ணாடியை ஏற்றுவார், இறக்குவார், மறுபடி ஏற்றுவார்.

மாற்றுவதற்குப் பொருள் எதுவும் மிச்சமில்லை என்று ஆனபோது அவன் கண் அண்ணி மேல் விழுந்தது.

பிப்ரவரியில் ஒரு பந்தயம் முடிந்து எல்லோரும் கரையில் படகுகளைக் கழுவிக்கொண்டிருந்தோம். யாரோ, “என்ன பாலா, இன்னிக்கும் புயல் வீசலையா?” என்று இந்தியில் கிண்டல் செய்தார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கிறபடி இந்தியிலேயே பதில் சொன்னான். “போட் டீக் ஹை. க்ரூ கா வஜன் ஜ்யாதா ஹை.” படகு நன்றாகத்தான் இருக்கிறது, முன்னால் உட்காரும் ஆள்தான் கனம் என்று அதற்கு அர்த்தம். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்ததும் சிலருக்குச் சங்கடமாகி, குழாயைப் பிடித்துக் கழுவாத இடமெல்லாம் கழுவினார்கள்.

அவன் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மெல்லிய காற்றில் லேசான ஆள் முன்னால் இருந்தால் படகு கொஞ்சம் வேகமாகப் போகும், அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் தெரிந்த விஷயத்தைப் பெண்டாட்டியை வைத்துக்கொண்டு ஊர் சிரிக்கச் சொல்ல வேண்டுமா? எனக்கு வந்த கோபத்தில் அவனை அந்தச் சேற்றிலேயே உருட்டியிருப்பேன்.

அண்ணி கையுறைகளைக் கழற்றினார். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

“நீ போ கண்ணு. நீ ஒல்லியா இருக்கற. வேற யாரையாச்சும் ஏத்தறதுக்கு நீ ஏறுனாத் தேவல.”

“நா மாட்டேன் அண்ணி.”

“போன்னு சொல்றேன்ல.”

அந்தக் குரலுக்கு எதிராகப் பேச எனக்கு வரவில்லை. மறு ஞாயிறு அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஏறினேன். என் உடம்பில் அது தொளதொளவென்று இருந்தது, பட்டைகளைக் கடைசிவரை இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது. முன்பாயை எப்போது விட வேண்டும், எப்போது இழுக்க வேண்டும் என்று அண்ணன் கத்திய கத்தலில் நீர்க்காக்கைகள் எல்லாம் பறந்துபோயின. அன்றும் நாங்கள் கடைசிக்கு முந்தையதாகத்தான் வந்தோம்.

வீட்டில் அண்ணி சோறு தின்பதை நிறுத்தினார். ராகிக் கஞ்சி, வெள்ளரிக்காய், ராகிக் கஞ்சி. லிஃப்டை விட்டுவிட்டுப் படியேறினார். காலையில் எடை பார்க்கும் மெஷினில் ஏறி நின்று, இறங்கி, கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு மறுபடி ஏறுவார். ஒரு கிலோ குறைந்த அன்று சந்தோஷமாக இருப்பார் என்று பார்த்தால் பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறையாக விளக்கினார்.

“எதுக்கு அண்ணி இதெல்லாம்? அவன் ஒரு லூசு” என்றேன்.

“எனக்குத் தெரியும் அவர் எப்படீன்னு. ஆனா பார்கவி, எங்கூட வேல செய்யறவங்க யாரும் என்னையத் தேறாதுன்னு சொன்னதில்ல. அத்தன பேரு முன்னால இவர் சொல்லிப்போட்டாரு.” சொல்லிவிட்டு அழுதார். அழுதுகொண்டே கேஸ் அடுப்பைத் துடைத்தார்.

இத்தனைக்கும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்களோடு கிளம்பிவிடுவார். வராமல் இருக்க அவரால் முடியவில்லை. கரையில் மேலும் கீழும் நடந்துகொண்டே படகுகளைப் பார்ப்பார். படகுக்குள் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தன் படகு தெரியாது, மற்ற படகுகள்தான் தெரியும். கரையில் நின்ற அண்ணிக்கு எங்கள் படகு தெரிந்தது. மற்ற படகுகளின் மூக்கு தண்ணீரிலிருந்து எழும்பி நிற்க, எங்கள் படகு எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டே போயிற்று. ஒரு மாலை, எல்லோரும் டீ குடிக்கப் போனபோது, கரையில் ஏற்றி வைத்திருந்த ‘புயலின்’ மூக்கை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். செப்டம்பரில் தனியாகத் தூக்கியது அது. இப்போது அசையவில்லை.

“உள்ள தண்ணி இருக்குமோ?” என்று கேட்டேன். ஒவ்வொரு முறையும் வடிகால் திருகைக் கழற்றித்தான் வைக்கிறோம், அரை டம்ளர்கூட வருவதில்லை.

அண்ணி உள்ளங்கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டார். ஃபாக்டரியில் ஒரு பாகத்தைத் திருப்பி அனுப்புவதற்கு முன் இப்படித்தான் நிற்பார் என்று நினைக்கிறேன்.

ஏப்ரலில் அண்ணன் வேலை விஷயமாகச் சென்னைக்குப் போனான். அவன் விமானம் ஏறியதும் அண்ணி ஒரு டெம்போவை வாடகைக்குப் பிடித்து, பவனாவிலிருந்து படகை ஏற்றி, கசார்வாடிக்குக் கொண்டுவந்தார். பழைய ஹைவே ஓரத்தில் மினி பஸ்களுக்கு ஃபைபர் பம்பர் செய்கிற சலீமின் பட்டறை இருக்கிறது, அதற்குப் பக்கத்திலேயே ஒரு பழைய இரும்புக் கடை. இரும்புக் கடையில் எடை மேடை உண்டு. பாய், கயிறு, சுக்கான் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் படகை மேடையில் ஏற்றினோம். இந்த வகைப் படகு இவ்வளவு எடைதான் இருக்க வேண்டும் என்று பந்தய விதியிலேயே இருக்கிறது. அண்ணிக்கு அது மனப்பாடம்.

மேடையின் எண்ணைப் பார்த்துவிட்டு அண்ணி என்னைப் பார்த்தார். ஒரு சிப்பம் அரிசி அளவுக்குப் படகு கூடுதலாக இருந்தது.

திருஷ்டி கணபதி ஸ்டிக்கரை அண்ணி நகத்தால் உரித்தார். அதன் கீழே கீறல் நாலாபக்கமும் கிளை விட்டு ஓடியிருந்தது. படகின் மூக்குக்குள், கவிழ்ந்தால் மூழ்காமல் இருப்பதற்காக நுரைக்கட்டி அடைத்திருப்பார்கள். ஸ்டிக்கரின் ஓரம் வழியாக ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. நுரை அதைக் குடித்துவைத்துக்கொண்டது. வடிகாலைத் திறந்தால் வெளியே வரும் தண்ணீர் இல்லை அது. அண்ணி காட்டிய இடத்தில் சலீம் துளை போட்டார். பழுப்புத் தண்ணீர் சொட்டத் தொடங்கி, சாயங்காலம் வரை நிற்கவில்லை.

அண்ணி ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்தே விட்டார். அந்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டே ஒரு வடா பாவ் சாப்பிட்டார், பிறகு இன்னொன்று வாங்கிவரச் சொன்னார். பிப்ரவரியிலிருந்து கஞ்சி குடித்தவர். மூன்றாவதையும் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவரும் சிரித்தார், பட்டறைப் பசங்கள் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

அண்ணன் திரும்பி வந்த இரவு, அண்ணி நேராக விஷயத்தைச் சொன்னார். எடை மேடை, கீறல், தேங்காய், தண்ணீர். கோபமில்லாமல், ஃபாக்டரியில் அறிக்கை படிப்பது போலச் சொன்னார். அண்ணன் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்தான். ஃப்ரிட்ஜைத் திறந்து மூடினான். ஸ்டிக்கர் தரமில்லை என்றான். படகை விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்றான். கடைசியில் சமையலறை வாசலில் நின்று, குரலை இறக்கி, “சரி உடு. நுரையை மாத்திப்போட்டா லேசாயிரும். இனி நீயே வா” என்றான்.

அண்ணி அவன் போய்ப் படுத்த பிறகு என்னிடம் சொன்னார்: “ஊர் முன்னால சொன்னத சமையக்கட்டுல வெச்சுத் திருப்பிக் குடுத்தா ஆச்சா? எனக்கு எடம் வேண்டாம் பார்கவி. எங்க சொன்னாரோ அங்க சொல்லட்டும்.”

அண்ணன் அதைத் தவிர மற்ற எல்லாம் செய்தான். சலீமின் பட்டறைக்கு நடையாய் நடந்து நனைந்த நுரையை வெட்டி எடுத்துப் புதிதாக அடைக்க வைத்தான். மே மாத வெயிலில் படகை எங்கள் கார் நிறுத்தத்தில் கவிழ்த்துப்போட்டு, மேசை விசிறி வைத்துக் காயவைத்தான், அடுக்குமாடி சொசைட்டியின் செயலாளரிடம் திட்டு வாங்கினான். அண்ணிக்குப் புதுக் கையுறை வாங்கி வந்தான். அது பிரிக்கப்படாமல் ஷூ அலமாரியின் மேல் கிடந்தது. போகும்போதும் வரும்போதும் அவன் அதைப் பார்ப்பான், நகர்த்தி வைப்பான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். கிளப்பில் யாரும் கேட்டால், “சின்ன ரிப்பேர்” என்று மட்டும் சொல்லிச் சமாளித்தான்.

ஜூனில் மழை இறங்கியது. மழையோடு பவனாவுக்கு மேற்குக் காற்று வரும், மலைக்கு மேலிருந்து விழுகிற காற்று. அதில் லேசான ஆட்கள் தாங்க முடியாது. அப்போதுதான் ஆட்ரி வந்தார்.

ஆட்ரி கோர்படிக்காரர், பள்ளியில் கணக்கு டீச்சர். தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம், அவர்கள் வீட்டுத் தமிழில் பாதி இந்தி ஓடும். அவரிடமும் எங்களுடையதைப் போலவே ஒரு படகு உண்டு, சுக்கான் அவரே பிடிப்பார். அவரோடு முன்னால் உட்காரும் மகன் கிரேக் வேலை கிடைத்து கோவாவுக்குப் போய்விட்டான்.

“அரே கிரிஜா, சுன் நா. உன் வெயிட் எவ்ளோ?” என்று கரையில் வைத்துக் கேட்டார். நான் பல்லைக் கடித்தேன். அண்ணி உள்ளதைச் சொன்னார்.

“பர்ஃபெக்ட்! இந்தக் காத்துக்கு எனக்கு அவ்ளோ வஜன் வேணும். கிரேக் சுக்கா, ஒல்லியா இருந்தான், போட் நிக்கவே நிக்காது. என்கூட வர்...”

“வர்றேன்” என்றார் அண்ணி. ஆட்ரி கேள்வியை முடித்திருக்கவில்லை.

அன்று இரவு வீட்டில் அண்ணன் குதித்தான். “வீட்டுல படகு வெச்சுட்டு அடுத்தவங்க படகுல ஏறுவியா? நாலு பேரு என்ன பேசுவாங்க?”

“நாலு பேரு என்ன பேசுவாங்கன்னு பிப்ரவரியிலயே பார்த்துட்டனுங்க” என்றார் அண்ணி. “வீட்டுப் படகுல எனக்கு எடமில்லைன்னு சொன்னது நீங்கதான். அங்க எல்லாத்துக்கும் கேக்கறாப்ல சொன்னீங்க. இல்லைன்னு எப்பச் சொல்லப் போறீங்க?”

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

ஆகஸ்டில் மழைக்காலப் பந்தயம். மலை தெரியவில்லை, மழை படுக்கையாக அடித்தது. புதுப்பித்த ‘புயல்’ லேசாகத்தான் இருந்தது, லேசாகப் பறந்தது, பறந்ததுதான் பிரச்சினை. நான் முழு உடம்பையும் வெளியே சாய்த்தும் படகு நிமிரவில்லை. அண்ணன் காற்றைத் திட்டினான், என்னைத் திட்டினான், பிறகு திட்டுவதற்கு மூச்சில்லாமல் போனான். ஆட்ரியின் படகு எங்களைத் தாண்டி முன்னால் போய், முதல் மிதவையை முதலாவதாகச் சுற்றியது. முன்னால் அண்ணி, முதுகு தண்ணீரைத் தொடுகிறாற்போலச் சாய்ந்திருந்தார். படகு நேராக, கோடு போட்டதுபோலப் போயிற்று.

இரண்டாவது மிதவைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காற்று மலையிலிருந்து விழுந்தது. நாங்கள் கவிழ்ந்தோம். தலைக்கு மேல் பாய், வாய்க்குள் பவனா. நான் வெளியே வந்தபோது அண்ணன் படகின் அடிப்பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்தான். அவனுடைய மூக்குக் கண்ணாடி போய்விட்டிருந்தது.

பாய்மரப் பந்தயத்தில் எல்லா விதிக்கும் முன்னால் ஒரு விதி உண்டு. யாராவது ஆபத்தில் இருந்தால், ஜெயிக்கிற படகாக இருந்தாலும் நின்று உதவ வேண்டும். அந்த மிதவையைச் சுற்றிவிட்டு வந்த ஆட்ரியின் படகு எங்களை நோக்கித் திரும்பியது. அண்ணி முன்பாயை விட்டுவிட்டார். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது.

“என்னங்க, நல்லா இருக்கீங்களா?” என்று கத்தினார்.

“இருக்கோம்! நிக்காத, போ!” என்றான் அண்ணன். பிறகு, யாரும் கேட்காமல், அந்தக் குளிரில் பல் தந்தியடிக்க, “தப்பு என்னுதுதான் கிரிஜா! நீ கனமில்ல! போ!” என்றான்.

ஆனால் அண்ணி கயிற்றை எடுக்கவில்லை. பின்னால் வந்த ஒரு படகு எங்களைச் சுற்றிக்கொண்டு தாண்டியது. மீட்புப் படகும் வந்துவிட்டது, கிளப்பின் ஆட்கள் நாலைந்து பேர் அதில் நின்றுகொண்டிருந்தார்கள்.

“அன்னிக்கு எந்த பாஷையில சொன்னீங்களோ, அந்த பாஷையில சொல்லுங்க!” என்றார் அண்ணி.

ஆட்ரி சுக்கானை விட்டுவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார். இன்னொரு படகும் அவர்களைத் தாண்டிப் போனது. அண்ணன் மீட்புப் படகைப் பார்த்தான், அதில் நின்றவர்களைப் பார்த்தான், மழையில் சுருங்கிய கண்ணோடு அண்ணியைப் பார்த்தான்.

“கல்தி மேரி தீ!” என்று கத்தினான். “கிரிஜா கீ நஹீ! மேரி கல்தி தீ!” தப்பு என்னுடையது, கிரிஜாவுடையது இல்லை என்று ஏரிக்கே சொன்னான். மீட்புப் படகில் ஒருவன் விசில் அடித்தான்.

“இப்பக் கேட்டுதுங்க!” என்றார் அண்ணி. முன்பாயின் கயிற்றை இழுத்துப் பிடித்து, விளிம்பில் ஏறி, முழுசாக வெளியே சாய்ந்தார். ஆட்ரியின் படகு நிமிர்ந்து, தாண்டிப்போன இரண்டு படகுகளையும் துரத்திக்கொண்டு மழைக்குள் ஓடியது.

அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும், யாரும் கேட்காமலே, அண்ணன் இன்னொரு முறை அதைக் கத்தினான்.